வேலையில் பாகுபாடு: மாநில அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சட்ட உதவி மேசையில் உட்காருகிறவள் நான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலை ஒன்றின் நேர்காணல் நாளில், பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் மெட்டியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிச் சுடிதார் துப்பட்டாவை ஊக்கு குத்தி மூடினார். "கேட்டா இன்னும் கல்யாணம் ஆகலன்னு சொல்லிடுவேன்க்கா" என்றார். படித்த படிப்பையும் கைத்திறனையும் காட்டப் போகிறவர் முதலில் காலை மறைக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு என் மேசைக்கு வரும் கேள்விகளைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். திரும்பத் திரும்ப வந்தவை கீழே இருக்கின்றன.

வேலை கிடைக்கவில்லை என்றாலே பாகுபாடா?

இல்லை. தட்டச்சுத் தேர்ச்சி கேட்கும் வேலைக்குத் தட்டச்சு தெரியாதவரை எடுக்காதது பாகுபாடு ஆகாது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை, அதாவது பிறந்த சாதி, கும்பிடும் சாமி, பெண் என்பது, வயிற்றில் குழந்தை இருப்பது, கால் ஊனம் இவற்றைக் காரணமாக்கி வேலை மறுத்தாலோ, சம்பளத்தைக் குறைத்தாலோ, பதவி உயர்வைத் தடுத்தாலோதான் பாகுபாடு. இந்தியா 1960இல் ஏற்றுக்கொண்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது.

தனியார் கம்பெனி செய்யும் தப்புக்கு மாநில அரசு எப்படிப் பொறுப்பாகும்?

மேசைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைக் கேட்கிறார்கள். அரசு அலுவலகத்திலும் சில சமயம் இதையே பதிலாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரசின் கடமைக்கு இரண்டு பக்கம் உண்டு. முதலாவது, அரசு தானே பாகுபாடு காட்டக் கூடாது. அரசியல் சாசனத்தின் 16(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எந்தக் குடிமகனுக்கும் அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவு அரசு வேலைக்கு மட்டுந்தான். தனியார் முதலாளியை அது நேரடியாகக் கட்டாது.

இரண்டாவது பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறர் பாகுபாடு காட்டாமல் பார்த்துக்கொள்வதும் அரசின் வேலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்கிறது 39(ஈ). மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழலுக்கும் பேறுகால உதவிக்கும் வழிசெய்ய வேண்டும் என்கிறது 42. இவற்றை நிறைவேற்ற நாடாளுமன்றம் போட்ட தொழிலாளர் சட்டங்கள் பலவற்றிலும் 'உரிய அரசு' என்ற ஒரு சொல் வரும். ரயில்வே, சுரங்கம், வங்கி, காப்பீடு, பெரிய துறைமுகம், விமானம் போன்றவற்றுக்கு உரிய அரசு மத்திய அரசு. ஜவுளிக்கடை, பனியன் கம்பெனி, நூற்பாலை, கார் உதிரிபாக ஆலை, தனியார் பள்ளி, கட்டட வேலை என்று மீதியுள்ள பெரும்பகுதிக்கு உரிய அரசு மாநில அரசு. புகாரைக் கேட்கும் அதிகாரியை நியமிப்பதும், ஆய்வாளரை அனுப்புவதும், தேவைப்பட்டால் வழக்குப் போடுவதும் மாநிலத்தின் கையில் இருக்கிறது. 'அது தனியார் விவகாரம்' என்று ஒரு தொழிலாளர் அலுவலர் சொன்னால், சட்டம் தன்னிடம் கொடுத்த வேலையை அவர் மறுக்கிறார் என்று பொருள்.

கல்யாணம் ஆனவள் என்று நேர்காணலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. ஆனால் அதில் ஓர் ஓட்டையும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஆளெடுப்பில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொன்னது. அந்தச் சட்டம் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு சட்டத்தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஊதியத் தொகுப்பின் 3ஆம் பிரிவு, ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ ஆளெடுக்கும்போது பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது.

"நாங்கள் பெண்களைத்தானே எடுக்கிறோம், கல்யாணம் ஆகாதவர்களாக எடுக்கிறோம், அவ்வளவுதான்" என்று கம்பெனி வாதாடும். அப்போது ஒரு கேள்வி போதும்: கல்யாணமான ஆணையும் இதே வாசலில் திருப்பி அனுப்புகிறீர்களா? இல்லையென்றால் அந்த விதி பெண்ணுக்கு மட்டும் போட்ட விதி. 1979இல் வெளியுறவுப் பணி அதிகாரி சி.பி. முத்தம்மா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கேட்டதும் இதுதான்: திருமணம் பெண் அதிகாரியின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆண் அதிகாரிக்கு மட்டும் இடைஞ்சல் இல்லாமல் போவது எப்படி? 2024 பிப்ரவரியில், திருமணம் செய்துகொண்டதற்காக வேலையைவிட்டு நீக்கப்பட்ட ராணுவச் செவிலியர் அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டும் அரசு வேலை வழக்குகள்தாம். ஆனாலும் தனியார் ஆலை வாசலுக்கும் அதே நியாயந்தான்.

2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் அருகே கைபேசி தொகுக்கும் ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அப்போது அமைச்சகம் வெளிப்படையாகச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: சம ஊதியச் சட்டத்தை அமல்படுத்தும் உரிய அரசு மாநில அரசே.

இனி ஓட்டை. ஊதியத் தொகுப்பின் 52ஆம் பிரிவுப்படி, குற்ற வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள அரசோ, அதிகாரம் பெற்ற அலுவலரோ, ஆய்வாளரோ, தொழிற்சங்கமோ, 'பணியாளரோ' புகார் கொடுக்க வேண்டும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் பணியாளரே ஆகவில்லையே? பழைய சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட நபர்' என்று இருந்தது, இப்போது அந்தச் சொல் இல்லை. அதனால், வேலை மறுக்கப்பட்ட பெண் தானே குற்ற வழக்குத் தொடர வழி தெளிவாக இல்லை; தொழிற்சங்கம் முன்வராவிட்டால் மாநில அரசின் ஆய்வாளரைத்தான் நம்ப வேண்டும். ஆய்வாளர் ஆலைக்குப் போய் ஆளெடுப்புப் பதிவேட்டைக் கேட்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சட்டமே இல்லாததுபோல் ஆகிவிடும். மாநிலத்தின் கடமை வேறெங்கும் இவ்வளவு கனமாக இல்லை என்பது என் எண்ணம். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் மாநிலம், ஆளெடுப்பு வாசலையும் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும்.

மாசமானதும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அது நேரடியான சட்டமீறல். பேறுகாலப் பயன் சட்டம் 1961இல் வந்தது, 2017இல் விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது, இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஏற்கெனவே இரண்டு குழந்தை இருந்தால் 12 வாரம். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நிறுத்துவது செல்லாது. நிறுத்தினால் 60 நாளுக்குள் உரிய அதிகாரியிடம் முறையிடுங்கள். இந்த 60 நாள் கணக்கைத் தவறவிட்டு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசவக் களைப்பில் நாள் போவதே தெரியாது. கணவரிடமோ தாயிடமோ நாட்காட்டியில் வட்டம் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

அரசே தவறினாலும் இதே கேள்வி எழும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள். மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பேறுகால விடுப்பு தர அரசு மறுத்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது.

சித்தாளுக்கு ஒரு கூலி, பெரியாளுக்கு ஒரு கூலி. காலங்காலமாக இப்படித்தானே?

காலங்காலமாக நடப்பதால் அது சட்டமாகிவிடாது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கலவை போடும் இடத்திலிருந்து பாண்டுச் சட்டியில் கலவையை வாரி, தலையில் சும்மாடு வைத்து, சாரத்தின் பலகையில் ஏறி கொத்தனார் கைக்கு எட்டும்படி கொட்டிவிட்டு இறங்குகிற பெண் சித்தாள். கலவையைக் கிளறி, சட்டியில் நிரப்பி, செங்கல்லை எடுத்துக் கொடுக்கும் ஆண் பெரியாள். மதியத்துக்குமேல் இருவரும் ஒரே சட்டியைத்தான் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள். சனிக்கிழமை மேஸ்திரி கூலியை எண்ணிக் கொடுக்கும்போது மட்டும் சித்தாளின் நோட்டு குறைகிறது.

"பேரே வேறு, அதனால் வேலையும் வேறு" என்பார்கள். சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. ஒரே திறன், ஒரே உழைப்பு, ஒரே அனுபவம், ஒரே பொறுப்பு தேவைப்படும் வேலை என்றால் அது ஒத்த தன்மையுள்ள வேலை. 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி நிறுவன வழக்கில் பெண் சுருக்கெழுத்தாளருக்கு ஆண் சுருக்கெழுத்தாளரைவிடக் குறைந்த சம்பளம். சம்பளத்தைச் சமமாக்கினால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றது நிறுவனம். பணமுடை சாக்காகாது என்றது உச்ச நீதிமன்றம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சமமாக்குகிறேன் என்று ஆண்களின் கூலியைக் குறைக்கவும் கூடாது. ஊதியத் தொகுப்பின் 3ஆம் பிரிவிலேயே அது எழுதியிருக்கிறது. இதைக் கேட்டதும் பெரியாட்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்குக் கூட்டினால் தன் கூலியில் கை வைப்பார்கள் என்ற பயத்தில்தான் அவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

நூறு நாள் வேலை என்று ஊரே சொல்லும் திட்டம் வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று சட்டத்திலேயே வைத்தார்கள். ஏரி வெட்டிய பெண்கள் அந்தக் கூலியை வாங்கினார்கள். அரசு கண்டிப்பாக இருந்தால் நடக்கும் என்பதற்கு ஊர் ஊராகச் சாட்சி உண்டு.

குறைத்துக் கொடுத்த கூலிக்கு மூன்று ஆண்டுக்குள் உரிமை கோரலாம். நீங்களே மனு போடலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கமும் போடலாம், ஆய்வாளரும் போடலாம். பாக்கியோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

நேர்காணலில் "எந்த ஊர்?" என்றார்கள், சொன்னேன். "ஊரில் எந்தத் தெரு?" என்றார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை.

அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று நம் எல்லாருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள், "காலனிப் பக்கமா?" என்பார்கள், அப்பா பெயரைக் கேட்டுக் குலதெய்வத்தில் வந்து நிற்பார்கள்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் வலுவான சட்டம் இருக்கிறது. எந்தத் தொழிலையும், எந்த வேலையையும் செய்வதிலிருந்து ஒருவரைச் சாதி காரணமாகத் தடுப்பது, 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பின் தண்டனைக்குரிய குற்றம். 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், தீண்டாமை காரணமாக வேலையில் தடைபோடுவதைக் குற்றமாக்குகிறது. புகாரைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை வேண்டும் என்று சொல்ல முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் அதை நீக்கிவிட்டது. கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியர்களுக்கே, அவர்கள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று அதே வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் மாநிலத்தின் பங்கு இன்னும் வெளிப்படையானது. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும். உங்கள் மாவட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, வேலை மறுப்புப் புகார் எத்தனை அதன்முன் வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

நான் பட்டியல் சாதி இல்லை. மதத்துக்காக ஒரு தனியார் நிறுவனம் என்னை ஒதுக்கியது. எனக்கு எந்தச் சட்டம்?

ஒளிக்காமல் சொல்கிறேன்: தனியார் ஆளெடுப்பில் மதத்தின் பேரால் நடக்கும் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. சம வாய்ப்பு ஆணையம் ஒன்றை அமைக்கும்படி, முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் சொன்னது, நடக்கவில்லை. பிறகு மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, சட்டமாகவில்லை.

'தில்லிதான் செய்ய வேண்டும்' என்று மாநிலம் ஒதுங்கவும் முடியாது. வேலைவாய்ப்பு, தொழிலாளர் நலன், வேலைச் சூழல் எல்லாம் பொதுப்பட்டியலின் 22, 23, 24ஆம் இனங்கள், மாநிலமும் சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுக்கொள்ளலாம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றது. கேரளம் அதை 2018இலேயே செய்திருந்தது. தி.நகர் ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்ற கால் இரவு ஒன்பது மணிக்குத்தான் மடங்கும் என்ற நிலையில், நரம்பு சுருட்டிக்கொண்ட காலோடு இருந்த பெண்களுக்காக வந்த திருத்தம் அது. ஸ்டூலுக்குச் சட்டம் போட முடிந்த சட்டமன்றத்தால் தெருப்பெயர் கேட்டு ஆளை ஒதுக்குவதற்கு எதிராகவும் சட்டம் போட முடியும்.

இடஒதுக்கீடே பாகுபாடுதானே?

இல்லை. இடங்களைச் சாதி, மதம் வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் இரண்டு வழக்குகளில் தள்ளியது: ஒன்று கல்லூரி இடம் பற்றியது, மற்றது மாவட்ட முன்சீப் பதவி பற்றியது. அதே ஆண்டில், கல்வியில் ஒதுக்கீட்டுக்கு இடம் தரும் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. வேலையைப் பொறுத்தவரை, போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கீடு செய்ய 16(4) தொடக்கம் முதலே அனுமதி தருகிறது. இன்று தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம் உள்ஒதுக்கீடு 3.5 உட்பட 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1, மொத்தம் 69 விழுக்காடு. தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தப்பட்டவர்களை உள்ளே அழைப்பதும் பாகுபாட்டிலிருந்து காக்கும் கடமையின் ஒரு பகுதி.

வேலையெல்லாம் வெளிமாநிலத்தாருக்கே போகிறது. உள்ளூர்க்காரருக்கு 75 விழுக்காடு என்று சட்டம் போடக் கூடாதா?

ஹரியானா போட்டது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அதைச் செல்லாது என்றது. அரசு வேலையிலேயே வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரத்தை 16(3) நாடாளுமன்றத்துக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. திருப்பூரில் தையல் மெஷினில் உட்காரும் ஒடிசாப் பெண்ணும் இங்கே தமிழ்நாடு அரசின் பாதுகாப்புக்கு உரியவர்தான்.

மாற்றுத்திறனாளி என்று தெரிந்ததும் வேலை இல்லை என்கிறார்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முழிப்பார்கள். அரசுப் பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் கொடுக்கலாம்.

திருநங்கை, திருநம்பியருக்கு?

தமிழ்நாட்டுக்கு இதில் சொல்ல ஒரு நல்ல கதை உண்டு, ஆனால் அது நீதிமன்றத்தில் தொடங்கியது. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினியின் விண்ணப்பம், படிவத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களே இருந்த நிலையில், தள்ளப்பட்டது. உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் அவர் பணியில் சேர்ந்தார்.

2019ஆம் ஆண்டு திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, எந்த நிறுவனமும் ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தப் பக்கத்தின் தலைப்புக்கே பதில்போல ஒரு தீர்ப்பு 2025 அக்டோபரில் வந்தது. இரண்டு மாநிலங்களில் தனியார் பள்ளிகளால் வேலை மறுக்கப்பட்ட திருநங்கை ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். சட்டத்தை எழுதிவைத்துவிட்டு அதை நடைமுறைப்படுத்தாமல் அரசுகள் சும்மா இருந்ததும் பாகுபாடுதான் என்று நீதிமன்றம் கண்டது. மத்திய, மாநில அரசுகளையும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொழிலாளர் அலுவலகத்தில் "நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரித்தால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கலாமா?

கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள சட்டம் தடுக்கிறது. தொற்று இருப்பதற்காக வேலையைவிட்டு நிறுத்துவதையும் தடுக்கிறது. பெயர் வெளியே வராமல் வழக்கு நடத்த வழி உண்டு.

இரவு ஷிப்டுக்குப் பெண்களை எடுப்பதில்லை. அது பாதுகாப்புக்குத்தானே?

தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த இரவு வேலைத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரிலேயே செல்லாது என்றது. பெண்ணின் சம்மதம், வண்டி, வெளிச்சம், காவல் ஆகியவற்றை உறுதிசெய்வது நிர்வாகத்தின் வேலை, அதைச் சரிபார்ப்பது அரசின் வேலை. பாதுகாப்பைக் காரணம் காட்டி வேலையையே பறிப்பது தீர்வாகாது.

அரசே ஒப்பந்தத்தில் வைத்துப் பாதிச் சம்பளம் கொடுத்தால்?

2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் அந்தப் பதவியின் அடிப்படைச் சம்பளம் தர வேண்டும் என்றது. தூய்மைப் பணியாளரையும் பகுதிநேர ஆசிரியரையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் எந்த அரசும், தனியார் முதலாளிக்குச் சமத்துவம் பற்றிப் புத்தி சொல்லும் முன் தன் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும்.

வயது 35 தாண்டியதால் எடுக்கவில்லை.

தனியாரில் இதற்கு எதிரான சட்டம் இப்போதைக்கு இல்லை.

புகாரை எங்கே, எப்படிக் கொடுப்பது?

கடை, ஓட்டல், கட்டட வேலை என்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தொழிற்சாலை என்றால் அதோடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். மேல்மட்டத்தில் சென்னையில் தொழிலாளர் ஆணையர். புதிய தொகுப்புகளுக்கான விதிமுறைகள் முழுதாக நிலைகொள்ளும்வரை, அவற்றோடு முரண்படாத பழைய விதிகள் தொடரும். ஆகவே, 'இன்னும் விதி வரவில்லை' என்பது மனுவை வாங்காமல் இருக்கக் காரணமாகாது. பாலியல் தொல்லை என்றால் வழி வேறு: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு, இல்லாவிட்டால் மாவட்ட உள்ளூர்க் குழு, மூன்று மாதத்துக்குள்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வாசல், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று நடந்தபடியே எழுதுங்கள். "என்னை அவமானப்படுத்தினார்கள்" என்பதைவிட "கல்யாணம் ஆயிடுச்சா, அப்ப வேணாம்மா என்றார்" என்ற வாக்கியம் கோப்பில் பலமாக நிற்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஆள்தேவை விளம்பரத்தில் 'திருமணமாகாத பெண்கள் மட்டும்' என்று இருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். ஏஜென்ட் மூலம் போயிருந்தால் அவர் எண்ணையும் குறியுங்கள். கடைசி வரியில் "ஊதியச் சட்டத்தொகுப்பு 2019, பிரிவு 3இன்படி ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்று பிரிவு எண்ணோடு முடியுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள். தரமாட்டோம் என்றால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் மனு எண் கிடைக்கும்.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பதிலே இல்லை.

என் மனு எண் இன்னது, எந்தத் தேதியில் ஆய்வுக்குப் போனீர்கள், ஆய்வறிக்கையின் நகல் தாருங்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆய்வுக்கே போகாத அலுவலகம் இந்தக் கேள்விக்குப் பிறகு போனதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, 'என் மனுவின்மீது முடிவெடுக்க உத்தரவிடுங்கள்' என்று ரிட் போடலாம். மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

புகார் கொடுத்தால் இருக்கிற வேலையும் போய்விடுமே?

அந்தப் பயம் நியாயமானது. அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. வாடகை கட்ட வேண்டியவருக்கு வீரம் சொல்லிக்கொடுப்பது எளிது. அதனால்தான் சங்கமோ ஆய்வாளரோ தங்கள் பேரில் மனு போடும் வழியைச் சொன்னேன். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருவரைத் தனியாகக் குறிவைப்பது கடினம். புகாருக்குப் பின் ஷிப்ட் மாற்றம், இடமாற்றம், மெமோ வந்தால் ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்துவைத்துக் கூடுதல் மனுவாகக் கொடுங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்களுக்கு 181. போகும்போது ஆதார் நகல், சம்பளச் சீட்டோ வங்கிப் புத்தகமோ இருந்தால் அது, முத்திரை குத்திய மனுவின் பிரதி மூன்றையும் எடுத்துப்போங்கள். சம்பளத்தைக் கையில் கொடுத்து எந்தச் சீட்டும் தராத இடம் என்றால், அடையாள அட்டை, பேருந்து பாஸ், மேஸ்திரி அனுப்பிய குறுஞ்செய்தி எதுவானாலும் சரி, எடுத்துப்போங்கள்.